மொறுமொறுப்பு வேறு, கருகல் வேறு

உறைந்த ஹேஷ் பிரவுன் சட்டியில் விழுந்ததும் என்ன நடக்கிறது?

பொட்டலத்தின் பின்புறம் எழுதியிருப்பதை நம்மில் பலரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்த மீனோ கோழியோ, ஐஸ் நன்றாக விட்ட பிறகுதான் சட்டியில் விழ வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதே பழக்கத்தை ஹேஷ் பிரவுனுக்கும் கடைப்பிடித்தேன். சனிக்கிழமை காலையில் ஆறு துண்டுகளைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு ஈரச்சந்தைக்குப் போவேன். திரும்பி வரும்போது அவை தொட்டால் அமுங்கும் பதத்தில், அடியில் ஈரம் கசிந்து கிடக்கும். எண்ணெயில் போட்டால் சட்டியோடு ஒட்டிக்கொள்ளும். திருப்பினால் பாதி கரண்டியில் வரும், பாதி சட்டியிலேயே தங்கிவிடும்.

பக்கத்தில் நின்ற அம்மா ஒரு வைத்தியம் சொன்னார்: “இன்னும் கொஞ்சம் கறுக விடும்மா, மொறுமொறுன்னு வந்துடும்.” விட்டேன். மேல்புறம் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போனது. கடித்தால் உள்ளே களி. எட்டு வயது மகள் ஒரு கடியோடு நிறுத்திக்கொண்டு, “கடையில வாங்குற மாதிரி இல்லையே” என்று தட்டைத் தள்ளி வைத்தாள்.

அன்று என்னை உறுத்திய கேள்வி இதுதான்: ஒரே துண்டு எப்படி ஒரே நேரத்தில் கருகியும் நமுத்தும் இருக்க முடியும்?

விடை தேடிப் போனபோது, சமையலறையில் நாம் ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருக்கும் இரண்டு தனித்தனி நிகழ்வுகள் இருப்பது புரிந்தது. மொறுமொறுப்பு வருவது நீர் வெளியேறுவதால். நிறம் வருவது சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து செய்யும் வேதிவினையால். இரண்டுக்கும் சூடு வேண்டும். ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை அளக்க முடியாது. இந்த வேறுபாட்டில் நாக்கின் சுவை மட்டுமன்றி, பிள்ளைகளின் உடல்நலமும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

ஏற்கெனவே பொரித்த பண்டம்

நாம் பேரங்காடியில் வாங்குவது பச்சை உருளைக்கிழங்கு அன்று. ஆலையில் அது பல படிகளைக் கடந்து வருகிறது. தோல் நீக்கிய கிழங்கை முதலில் வெந்நீரில் சற்று நேரம் இட்டு எடுக்கிறார்கள். வெட்டிய கிழங்கு கறுத்துப்போகக் காரணமான நொதி அந்தச் சூட்டில் செயலிழக்கிறது. மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியும் நீரில் கரைந்து போகிறது. பிறகு துருவியோ பொடியாக நறுக்கியோ, உப்பும் மாவுப்பொருளும் சேர்த்து அச்சில் அழுத்துகிறார்கள். உட்பொருள் பட்டியலில் இ450 என்ற எண் இருந்தால் அஞ்ச வேண்டாம். அது ஒரு பாஸ்பேட் உப்பு. கிழங்கில் இயல்பாக உள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்தால் வெந்த கிழங்கு சாம்பல் நிறம் கொள்ளும். அந்த உப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது நேர்வதில்லை.

அடுத்த படிதான் நமக்கு முக்கியம். அச்சிலிருந்து வந்த துண்டுகளைச் சூடான எண்ணெயில் சிறிது நேரம் பொரிக்கிறார்கள். முழுதாக அல்ல, மேலே ஒரு மெல்லிய தோல் உண்டாகும் அளவுக்கு மட்டும். உடனே கடுங்குளிர்க் காற்றில் உறைய வைக்கிறார்கள்.

ஏன் அவ்வளவு அவசரம்? நீர் மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் உருவாகிக் கிழங்கின் உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியவை, சேதமும் குறைவு. இன்று கனடாவின் பகுதியாக உள்ள லாப்ரடாரில் 1910களில் தங்கியிருந்த கிளாரன்ஸ் பேர்ட்சை என்ற அமெரிக்கர், இனுவிட் மக்கள் பிடித்த மீன் அந்தக் குளிரில் மளமளவென்று உறைவதையும், பிறகு உருக்கிச் சமைத்தால் புதுமீன்போல் இருப்பதையும் கண்டார். விரைவு உறைவிப்புத் தொழில் அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தது.

உருளைக்கிழங்குக்கு வந்தால், அமெரிக்காவின் ஒரேகான், ஐடஹோ மாநிலங்களின் எல்லையில் ஆலை நடத்திய கிரிக் சகோதரர்களைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஃபிரை வெட்டும்போது மிஞ்சிய துணுக்குகள் மாட்டுத் தீவனமாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை மாவோடு கலந்து, அச்சில் உருட்டி, பொரித்து, உறைய வைத்து, 1953ஆம் ஆண்டில் ‘டேட்டர் டாட்ஸ்’ என்ற பெயரில் உருவாக்கினார்கள். ஹேஷ் பிரவுன் அதைவிடப் பழைய உணவு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சமையலறைகளிலேயே இருந்தது. ஆனால் இன்று நமக்குக் கிடைக்கும் நீள்வட்ட அச்சுத்துண்டு இந்த ஆலை மரபில் வந்ததுதான்.

ஆக, பொட்டலத்தில் இருக்கும் துண்டுக்கு ஏற்கெனவே ஒரு மெல்லிய, உலர்ந்த, பொரித்த தோல் இருக்கிறது. அதை மேசையில் வைத்து உருகவிடும்போது என்ன ஆகிறது? எவ்வளவு வேகமாக உறைந்திருந்தாலும் சில உயிரணுச் சுவர்கள் உடைந்தே இருக்கும். பனி உருகியதும் அவற்றிலிருந்து நீர் கசிகிறது. அது வெளிப்பக்கம் ஊறி அந்தத் தோலை நனைக்கிறது. போதாக்குறைக்கு, நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த துண்டின் மேல் பனித்துளியாகப் படிகிறது. ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலத்தான். ஆலை நமக்காகச் செய்து கொடுத்த வேலையை அரை மணி நேரத்தில் அழித்துவிடுகிறோம்.

மீனுக்கும் கோழிக்கும் உள்ள நியாயம் வேறு. அவை பச்சையாக இருக்கின்றன, கனமாகவும் இருக்கின்றன. நடுவில் பனி இருந்தால் வெளியே வெந்து உள்ளே வேகாமல் போகும். அது உணவுப் பாதுகாப்புப் பிரச்சினை. ஹேஷ் பிரவுன் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனம்தான், பாதி வெந்தும் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

“உருகவிட்டால் எரிவாயுவாவது மிச்சமாகுமே” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

60 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் 36 கிராம் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டு உறைபெட்டியின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து பூச்சியத்துக்கு வர அந்த நீருக்கு 1,400 ஜூல் வெப்பம் போதும். ஆனால் பனியாக இருப்பது நீராக மாற, வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமலேயே, 12,000 ஜூல் செலவாகும். நீர் பூச்சியத்திலிருந்து 100 டிகிரிக்கு வர இன்னொரு 15,000 ஜூல். இனி, மேற்பரப்பு மொறுமொறுப்பாக 10 கிராம் நீர் ஆவியாக வேண்டும் என்று கொண்டால், அதற்கு மட்டும் 22,600 ஜூல்!

அதாவது, ஒரு கிராம் பனியை உருக்கும் செலவைவிட ஒரு கிராம் நீரை ஆவியாக்கும் செலவு கிட்டத்தட்ட ஏழு மடங்கு. உருகவிட்டதால் நமக்கு மிச்சமாவது சின்னச் செலவு. மேற்பரப்பில் கசிந்து நிற்கும் நீரை விரட்டத் தலையில் ஏற்றிக்கொள்வது பெரிய செலவு. அந்த நீர் முழுவதும் போகும்வரை மேற்பரப்பின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. அதுவரை துண்டு பொரிவதில்லை, எண்ணெயில் வேகத்தான் செய்கிறது.

இதே கணக்கை எண்ணெயின் பக்கமிருந்தும் பார்க்கலாம். 100 மில்லிலிட்டர் எண்ணெய் 180 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்கு இறங்கும்போது கொடுக்கும் வெப்பம் சுமார் 11,000 ஜூல். ஒரே ஒரு துண்டின் பனியை உருக்கவே அது போதாது. மிச்சத்தை அடுப்பு ஈடுகட்ட வேண்டும். ஆனால் எரிவாயு அடுப்பின் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி, பாத்திரத்தில் சேராமல் பக்கவாட்டில் போய்விடும். பசியோடு நிற்கும் பிள்ளைகளுக்காக ஆறு துண்டுகளையும் ஒன்றாகப் போட்டால் எண்ணெய் சட்டென்று குளிர்ந்து, இரைச்சலே இல்லாமல் போவது இதனால்தான். 26 சென்டிமீட்டர் வாணலியில் மூன்று துண்டுகளுக்கு மேல் நான் இப்போது போடுவதில்லை.

சத்தம் அடங்கட்டும்

தீபாவளிக்கு முறுக்குச் சுடும் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: “சத்தம் அடங்கட்டும், அப்புறம் எடு.” பாட்டிமார்கள் வெப்பமானி வைத்துக்கொண்டதில்லை. காதை வைத்துக்கொண்டார்கள். எண்ணெயில் எழும் சலசலப்பு என்பது நீராவிக் குமிழிகள் வெளியேறும் ஓசை. குமிழிகள் குறைந்து ஓசை தணிந்தால், விரட்ட வேண்டிய நீரில் பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள். ஹேஷ் பிரவுனுக்கு உள்ளே ஈரம் இருக்க வேண்டும் என்பதால் முறுக்கைப்போல முழுக்க அடங்கக் காத்திருக்கத் தேவையில்லை. தொடக்கத்தில் அடைமழைபோல் இருக்கும் சத்தம் தூறலாகக் குறைந்தால் போதும்.

சட்டியில் செய்பவர்கள் துண்டின் பாதிக் கனத்துக்கு எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் நன்றாகச் சூடாக்க வேண்டும். ஒரு துணுக்குக் கிழங்கைப் போட்டால் உடனே குமிழிகள் சூழ வேண்டும். துண்டை உறைபெட்டியிலிருந்து நேராக எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் வெண்பனித் தூளை உதறிவிட்டுப் போடுங்கள். இந்த உதறல் முக்கியம். நீர் எண்ணெயைவிடக் கனமானது. எண்ணெயில் விழும் பனித்தூள் உருகி அடிக்குப் போய், அங்கே ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. எண்ணெய் முகத்தில் தெறிப்பது அப்படித்தான்.

போட்ட பிறகு நான்கு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கடினமான பகுதி. தோசை வெந்தால் தானே கல்லை விட்டு எழும்பும். வேகாததைக் கிளறினால் பிய்யும். இதுவும் அப்படியே. அடிப்பக்கம் ஈரமாக இருக்கும்வரை கிழங்கின் மாவு உலோகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். உலர்ந்ததும் விட்டுவிடும். ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். மூடி போட்டு மூட வேண்டாம், வெளியேறும் ஆவி திரும்ப மழையாக அதன் தலையிலேயே விழும்.

எடுத்து எங்கே வைக்கிறோம் என்பதும் பொரிப்பதைப் போலவே பொருட்படுத்த வேண்டியது. துண்டு எண்ணெயில் இருக்கும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே புக முடிவதில்லை. வெளியே எடுத்த பிறகு உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. பொரித்த பண்டத்தில் சேரும் எண்ணெயில் கணிசமான பகுதி இப்படி ஆறும்போது ஏறுவதுதான். ஆகவே எடுத்தவுடன், சூடு தணியும் முன்பே, சட்டியின் மேலேயே பிடித்து எண்ணெயை வடிய விடுங்கள். பிறகு கம்பித் தட்டில், காற்று அடியிலும் போகும்படி வையுங்கள். மைதாள் விரித்த தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், தாள் எண்ணெயை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் அடியில் மாட்டிக்கொண்ட ஆவி இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் நமுக்க வைத்துவிடும்.

சத்தத்தைப் பற்றி இன்னொரு செய்தி. மொறுமொறுப்பை நாம் பல்லால் மட்டும் உணர்வதில்லை. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும் ஓசையை ஒலிவாங்கியில் பிடித்து, மாற்றி, கடிப்பவர் காதிலேயே ஒலிக்கச் செய்தார்கள். கூரிய ஒலியைக் கூட்டியபோது, அதே வறுவல் கூடுதல் மொறுமொறுப்பாக இருப்பதாக உண்டவர்கள் சொன்னார்கள். சிரிக்க வைத்துச் சிந்திக்கத் தூண்டும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2008ல் அதற்குக் கிடைத்தது.

சுரங்கத்தில் கிடைத்த துப்பு

இனி, நிறத்துக்கு வருவோம். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தரும் வினையை 1912ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலர் லூயி கமீல் மையார் விளக்கினார். ரொட்டியின் மேற்புறம், வறுத்த காப்பிக்கொட்டை, தோசையின் முறுகல் எல்லாவற்றுக்கும் அந்த வினையே காரணம். 140 டிகிரியை ஒட்டி அது வேகமெடுக்கும். நீர் இருக்கும் இடம் 100 டிகிரியைத் தாண்டாது என்று பார்த்தோம் அல்லவா? ஆகவே உலர்ந்த இடத்தில்தான் நிறம் ஏறும். உலர்வது முன்னால், சிவப்பது பின்னால், கருகுவது அதற்கும் பின்னால்.

என் கருகிய களியின் மர்மம் இதில் இருக்கிறது. உருகிய துண்டில் துருத்திக்கொண்டிருந்த கிழங்குத் துருவல் நுனிகள் சீக்கிரம் உலர்ந்து கறுத்துவிட்டன. பள்ளங்களில் நீர் கோத்திருந்த இடங்கள் உலரவே இல்லை. மேலும் தீயைக் கூட்டியதில் நுனிகள் கருகினவே தவிர, உள்ளிருந்து நீர் வெளியே வரும் வேகம் பெரிதாகக் கூடவில்லை. நிறத்தைப் பார்த்து “ஆயிற்று” என்று எடுத்துவிட்டேன்.

இது வெறும் ருசிப் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1997ஆம் ஆண்டில் சுவீடனின் தென்பகுதியில் ஹலாண்ட்சோஸ் என்ற இடத்தில் ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பாறை இடுக்குகளில் கசியும் நீரை அடைக்கப் பயன்படுத்திய பூச்சில் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் இருந்தது. அது ஓடை நீரில் கலந்தது. மீன்கள் செத்தன, நீர் குடித்த மாடுகள் கால் தடுமாறி விழுந்தன. சுரங்கத் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்த அறிவியலர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் இரத்தத்தையும் எடுத்தார்கள். அவர்களின் இரத்தத்திலும் அக்ரிலமைடின் சுவடு இருந்தது!

அது எங்கிருந்து வந்தது? ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் மார்கரெட்டா டோர்ன்க்விஸ்ட் குழுவினர் அந்தக் கேள்வியை விடவில்லை. சந்தேகம் சமையல் பக்கம் திரும்பியது. பொரித்த தீவனம் உண்ட எலிகளின் இரத்தத்தில் சுவடு கூடியது. 2002 ஏப்ரலில் சுவீடன் உணவுத் துறையோடு சேர்ந்து முடிவை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது: பொரித்த, சுட்ட மாவுச்சத்து உணவுகளில், குறிப்பாக உருளைக்கிழங்கில், அக்ரிலமைடு தானாகவே உருவாகிறது. யாரும் கலக்கவில்லை. உருளைக்கிழங்கில் தாராளமாக இருக்கும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் சர்க்கரைகளும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது, பழுப்பு நிறத்தைத் தரும் அதே வினைத்தொடரில் அதுவும் பிறக்கிறது. நிறம் கருமையாகக் கருமையாக அதன் அளவும் கூடுகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அக்ரிலமைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகமுள்ள பொருள்களின் பட்டியலில் 1994லேயே சேர்த்திருந்தது. அதற்கு ஆதாரம் பெரும்பாலும் விலங்குச் சோதனைகள். உணவில் சேரும் அளவு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதை மக்களிடையே நடந்த ஆய்வுகள் இதுவரை தெளிவாக நிறுவவில்லை. எனவே ஒரு துண்டு சற்றுக் கறுத்துப்போனதற்காகப் பதற்றப்பட வேண்டாம். ஆனால் குறைப்பது நல்லது என்பதில் உணவுத் துறைகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. பிள்ளைகளின் உடல் எடை குறைவு. அதே அளவு உணவு உண்டால் ஒரு கிலோ எடைக்கு அவர்களுக்குச் சேருவது அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிகள், பிரெஞ்சு ஃபிரை பொரிக்கும் எண்ணெய் 175 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2017ல் மக்களுக்குச் சொன்ன அறிவுரை இன்னும் எளிமை: பொன்னிறத்தோடு நிறுத்துங்கள்.

பொன்னிறத்தில் மொறுமொறுப்பு வருமா? வரும். நிறத்தைத் துரத்தாமல் ஈரத்தைத் துரத்தினால் வரும். இப்போது என் வழக்கம்: பொன்னிறம் தட்டியதும் தீயைக் குறைத்து, இன்னும் ஓரிரு நிமிடம் விட்டு, சத்தம் தணிந்ததும் எடுப்பது. அம்மாவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. “வெளுத்துக் கிடக்கு” என்றார். கடித்துப் பார்த்தபின் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

பெர்கெடில் செய்யவோ வீட்டிலேயே துருவி ஹேஷ் பிரவுன் செய்யவோ பச்சைக் கிழங்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். குளிர்பதனப் பெட்டியில் நாள்கணக்கில் வைத்த கிழங்கு இனிக்கும். குளிரில் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதே காரணம். அந்தக் கிழங்கைப் பொரித்தால் உலர்வதற்கு முன்பே கறுக்கும். பொரிக்கப்போகும் கிழங்கை வெளியே, வெளிச்சம் படாத காற்றோட்டமான இடத்தில் வைப்பதே நல்லது. துருவியதை நீரில் அலசி, துணியில் கட்டி இறுகப் பிழிந்துவிட்டால் சர்க்கரையும் குறையும், ஈரமும் குறையும்.

எண்ணெய் இல்லாமல் முடியாதா?

ஏர் ஃபிரையர் இருப்பவர்களுக்கு வேலை எளிது. அது உண்மையில் பொரிப்பதில்லை; விசிறி வைத்த சிறிய அவன். காற்று எண்ணெயைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் வெப்பத்தைக் கொடுக்கும். ஆனால் வேகமாக வீசும்போது துண்டின் மேல் போர்வைபோல் நிற்கும் ஈரக்காற்றை அடித்துக்கொண்டு போகிறது. உலர்த்தும் வேலை நடக்கிறது. ஆலையில் பொரித்தபோது ஏறிய எண்ணெய் துண்டிலேயே இருப்பதால் கூடுதலாக ஊற்ற வேண்டியதில்லை. 200 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கி, ஒரே அடுக்காக, இடைவெளி விட்டு வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நடுவில் ஒரு முறை திருப்ப வேண்டும். சாதனத்துக்குச் சாதனம் மாறும் என்பதால் கடைசி மூன்று நிமிடம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நுண்ணலை அடுப்பை மட்டும் நாட வேண்டாம். நுண்ணலைகளைப் பனி அதிகம் உறிஞ்சாது, நீர் நன்றாக உறிஞ்சும். அதனால் முதலில் உருகிய இடம் கொதிக்கும்போது பக்கத்து இடம் பனியாகவே இருக்கும். உள்ளிருந்து கிளம்பும் ஆவி, சுற்றியுள்ள காற்று சூடாகாததால், மேற்பரப்பிலேயே தங்கி ஈரமாகும். பொரித்த தோல் துணிபோல் ஆகிவிடும்.

எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீவக வீடுகளில் நேரும் தீச்சம்பவங்களில் கவனிப்பாரற்ற சமையலுக்குப் பெரும்பங்கு உண்டு என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை எச்சரித்து வருகிறது. எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. 1,700 மடங்குக் கணக்கு அங்கே உயிரோடு விளையாடும்.

பேரங்காடி முதல் பள்ளி இடைவேளை வரை

எல்லாம் சரியாகச் செய்தும் சில பொட்டலங்கள் ஏமாற்றும். காரணம் பொட்டலத்துக்குள்ளேயே தெரியும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால், பைக்குள் வெண்பனி குவிந்திருந்தால், அது வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. இரண்டாவது முறை உறைவது வீட்டுப் பெட்டியின் மெதுவான குளிரில். அப்போது படிகங்கள் பெரிதாக வளர்ந்து சுவர்களைக் கிழிக்கின்றன. 31, 32 டிகிரி வெயிலில், பேருந்துக்குக் காத்திருந்து, காப்பிக்கடையில் ஒரு தேநீரும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் எந்த ஆலையின் நுட்பமும் தாங்காது. உறைந்த பொருளைக் கடைசியில் எடுத்து, குளிர்காப்புப் பையில் போட்டு நேராக வீட்டுக்கு வருவதே வழி. வீட்டில் உறைபெட்டிக் கதவின் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்கலாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறி இறங்குவது அங்கேதான்.

மிச்சமிருப்பது என் மகளின் உணவுப் பெட்டி. காலை ஆறரை மணிக்குச் சூடாகப் போட்டு மூடினால், பள்ளி இடைவேளைக்குள் நமுத்துப்போகும். மலாய் நண்பர்கள் ‘லெமாவ்’ என்பார்கள், கேட்கும்போதே அந்தத் தொய்வு தெரியும். ஆண்டு முழுவதும் நம் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். முறுக்கு டின்னை நாம் இறுக மூடுவது அந்த ஈரத்துக்குப் பயந்துதான். ஆனால் முறுக்குக்குள் ஈரம் இல்லை, எதிரி வெளியே இருக்கிறான். ஹேஷ் பிரவுனுக்கு எதிரி உள்ளேயே இருக்கிறான். நடுவில் இருக்கும் ஈரம் மெல்ல மெல்லத் தோலுக்கு வந்து சேரும். மூடி போட்டால் இன்னும் விரைவாக.

சில வாரங்களாக ஒன்று செய்து பார்க்கிறோம். கம்பித் தட்டில் பத்து நிமிடம் ஆவி போக விட்டு, பெட்டியின் அடியில் மடித்த காகிதத்தை வைத்து, மூடியை ஓர் ஓரம் சற்றுத் திறந்தாற்போல் விட்டு அனுப்புகிறேன். வீட்டில் கடித்தபோது இருந்த சத்தம் ஒன்பதரை மணிக்கு இல்லையாம். ஆனால் தொய்ந்தும் போகவில்லையாம். “ஓரமெல்லாம் மொறுமொறுன்னு இருந்துச்சு, நடுவுல மட்டும் இல்ல” என்றாள். ஓரம் மெல்லியது, அங்கே உள்ளிருந்து வர ஈரம் குறைவு. அடுத்த முறை துண்டை இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கத்தையும் கொஞ்சம் உலர்த்தி அனுப்பிப் பார்க்க வேண்டும்.